யாரும் தொடாத லிங்க்

பொய் சொல்ல வருகிறவர்கள் உட்கார்ந்தவுடன் தண்ணீர் கேட்பார்கள் என்பது என் அத்தையின் கட்சி. அந்தப் பெண் உட்கார்ந்தவுடன் எங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டாள்.

"அப்போ இவ உண்மைதான் சொல்லப் போறா" என்று அத்தையின் காதில் கிசுகிசுத்தேன்.

"வாயை மூடிக்கிட்டு பாஸ்வேர்டைக் குடு" என்றாள் அத்தை.

அத்தைக்குத் துப்பறிவது தொழில். எனக்கு அத்தையே தொழில். அண்ணன் மகன் வெட்டியாகச் சுற்றுகிறானே என்று அவள் போட்டுக் கொடுத்த உதவியாளர் வேலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது. கல்யாண வயது தாண்டியும் எல்லோருக்கும் நான் வாலுதான். எங்கள் அலுவலகம் ஒரு தையல் கடையின் மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை ஆடும்.

ஆடும் மேஜையில் அந்தப் பெண் தன் லேப்டாப்பைத் திறந்தாள். டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை பார்க்கிறவள். வேலைக்கு நடுவே இடைக்கால வரலாற்றில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஒரு பழைய துறைமுகம் எப்படித் தழைத்தது என்று ஆய்வேடு எழுதி முடித்துவிட்டாள். இன்று சாயந்திரம் விசாரணைக் கமிட்டி மறுபடி கூடுகிறது, அந்த ஆய்வேட்டைக் குப்பையில் போட.

"இல்லாத ஆதாரத்தை நானே உண்டாக்கினேனாம். போர்ஜரியாம். இன்னிக்கு முடிவு சொல்லிட்டா பட்டமும் போச்சு, வேற எந்த யுனிவர்சிட்டியும் என்னை வாசப்படி ஏத்தாது மேடம்."

"உண்டாக்கினியா?" என்றாள் அத்தை.

"இல்ல."

"சரி, காட்டு."

திரையில் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையின் பக்கம். தலைப்பு: 'இடைக்கால வரலாறு படிக்க: இணையத்தில் எங்கே தேடலாம்'. கீழே அனுமார் வால் போல லிங்க்குகள். கல்வெட்டுகள், நாணயங்கள், கடிதங்கள், வரைபடங்கள் என்று உலகத்தில் யார் எதை ஸ்கேன் செய்து போட்டிருந்தாலும் அங்கே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் குறிப்பு வேறு: இதை நம்பலாம், இதில் தேதிகள் தப்பு, இது பாதியில் நின்றுவிட்டது.

"இது எங்க கைடு போட்ட லிஸ்ட். லைப்ரரி திறந்திருக்கிற நேரம் முழுக்க நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு யாருக்காவது ஸாரி சொல்லிக்கிட்டிருப்பேன். அதனால எனக்கு லைப்ரரியே இந்த லிஸ்ட்தான். நெட்ல குப்பை நிறைய. எது நெல்லு எது பதருன்னு சொல்ல ஆள் வேணும் இல்லையா? ஒவ்வொரு லிங்க்கா திறந்து பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன்."

பட்டியலின் அடியில் ஒன்றைச் சொடுக்கினாள். 'இப்படி ஒரு பக்கம் இல்லை' என்றது திரை.

"இங்கதான் அந்த மேப் இருந்துச்சு. யாரோ ஒரு தனியாரோட சேகரிப்புன்னு போட்டிருந்தாங்க. துறைமுகத்துக்கு வடக்கே இன்னொரு சின்னத் துறை இருந்ததைக் காட்டற ஒரே மேப். என் ஆய்வேடே அது மேலதான் நிக்குது. இப்போ கைடு என்ன சொல்றார் தெரியுமா? அந்த லிங்க் ஒரு பொறியாம்."

"எலிப்பொறியா?" என்றேன்.

"அதே மாதிரிதான். அவர் லிஸ்டை மத்த காலேஜ்காரங்க அப்படியே திருடிப் போட்டுக்கறாங்களாம். அதனால பல வருஷம் முன்னாடியே இல்லாத ஒரு சைட்டோட பேரை அடியில சொருகி வெச்சாராம். பார்க்காம காப்பி அடிக்கிறவன் மாட்டுவான். ஒரு காலேஜ் நிஜமாவே மாட்டி, கருத்தரங்குல மானம் போச்சாம். டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஜோக்காம் அது."

"உனக்கு மட்டும் தெரியாது."

"அங்க டீ குடிக்கறப்போ சொல்லிச் சிரிக்கிற கதை மேடம் அது. நான் என்னிக்கு அங்க உட்கார்ந்து டீ குடிச்சேன்?"

கீழே மெஷின் ஓட, மேஜை ஆடியது. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒன்று, இந்தப் பெண் அழகாகப் புளுகுகிறாள். இல்லை, இல்லாத வீட்டில் யாரோ குடியிருந்துவிட்டுக் காலி செய்திருக்கிறார்கள்.

"நீ அதைச் சேமிச்சு வைக்கலையா?" என்றாள் அத்தை.

"சேமிக்க விடாத மாதிரி பூட்டியிருந்தாங்க. என் தங்கச்சிகிட்ட காட்டறதுக்காக ஸ்கிரீனை போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். கமிட்டி அதைப் பார்த்துச் சிரிச்சுட்டாங்க. இதைச் சின்னப் பிள்ளைகூட செய்யுமாம்."

படத்தில் ட்யூப்லைட்டின் வெளிச்சம் பாதியை விழுங்கியிருந்தது. பழுப்பேறிய தாள், வளைந்து போகும் ஒரு கடற்கரைக் கோடு, ஒரு ஓரத்தில் மங்கிய எழுத்துகள். தாளின் மூலையில் அம்மைத் தழும்பு போல மூன்று சின்ன ஓட்டைகள்.

"ஆய்வேட்டுல இருக்கிற மேப் இப்படி இல்லையே" என்று அவள் கொண்டுவந்திருந்த ஆய்வேட்டை அத்தை புரட்டினாள்.

"அது நானே திருப்பி வரைஞ்சது. பழைய மேப்ல தெற்குதான் மேல இருக்கும். இந்தக் காலத்துக்காரங்களுக்குத் தலை சுத்துமேன்னு வடக்கை மேல வெச்சு வரைஞ்சேன். திருப்பியிருக்கேன்னு அடிக்குறிப்பு போடணும். மறந்து தொலைச்சுட்டேன். நல்லவேளை, அதை யாரும் கண்டுபிடிக்கலை."

"உங்க கைடு ஆய்வேட்டைப் படிச்சாரா?"

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அட்டையைப் பார்த்தார்."

"அப்புறம் எப்ப உள்ள பார்த்தார்?"

"வெளியூர்ப் பரிசோதகர் ரொம்பப் பாராட்டி எழுதிட்டு, அந்த மேப்பை நானும் பார்க்கணுமேன்னு கேட்டாராம். அப்போதான் கைடு என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். அன்னிக்கு வீட்டுக்கு வந்து லிங்க்கைத் திறந்தா ஒண்ணும் இல்ல."

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள். "இந்தக் கடற்கரையோட பழைய மேப்புகள் உங்க யுனிவர்சிட்டியில இருக்கா?"

"ஒரு பெரிய தொகுதி இருக்கு. சுவடி அறையில. பார்க்கணும்னு மெயில் போட்டேன். இப்போ காட்ட முடியாதுன்னு ஒரே வரி."

"ஒரே வரியில பதில் வந்தா உள்ள ஒரு கதை இருக்கு. கிளம்புடா."

சுவடி அறை நூலகத்தின் மேல்மாடியில் இருந்தது. ஜன்னல்களுக்குக் கனமான திரை, குளிர்சாதன இரைச்சல், பச்சை விரித்த நீள மேஜை. அதன் மேல் பழைய புத்தகங்களை வலிக்காமல் விரித்து வைக்கும் பஞ்சு மெத்தைகள். கதவருகே காப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். பேனா வைத்திருந்த என் சட்டைப்பையை அவர் பார்த்த பார்வையில் பேனாவை நானே எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

அந்தத் தொகுதியின் பெயரைச் சொன்னதும் அம்மாவின் முகம் இறுகியது.

"அது இல்ல. ரிப்பேருக்குப் போயிருக்கு."

"எங்கே?"

"எங்க ரிப்பேர் அறைக்குத்தான்."

"பக்கத்து அறைதானே? வரும்போது பார்த்தேன்" என்றாள் அத்தை. "பூட்டு துருப்பிடிச்சு, நிலையில சிலந்தி வலை பின்னியிருக்கு. உள்ள வேலை செய்யறவர் சாவித்துவாரம் வழியா வந்து போறாரா?"

அம்மா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு நாற்காலியிலேயே பயமாக இருந்தது. ஆள் சிக்கியாயிற்று என்று நான் கைகளைத் தேய்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணிடம் வாங்கி வந்த போனை அத்தை அவர் முன் நீட்டினாள். "இந்த மூணு ஓட்டையைப் பாருங்கம்மா. இதைப் பார்த்த பிறகும் ரிப்பேர்னு சொன்னீங்கன்னா நான் போயிடறேன்."

அம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய், தலையணை அளவு இருந்த ஒரு தொகுதியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து பஞ்சு மெத்தையில் கிடத்தினார்.

தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடற்கரைகள், தீவுகள், மலைகள். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. இரண்டு தாள்களுக்கு இடையே, தையலை ஒட்டி, பிளேடால் அறுத்த சுவடு. நூல் அளவுக்கு ஒரு காகித ஓரம் மட்டும் மிச்சம்.

முன்தாளின் மூலையில் மூன்று ஓட்டைகள். பின்தாளின் மூலையிலும் அதே மூன்று. போனில் இருந்த படத்தை அத்தை இரண்டுக்கும் நடுவே பிடித்தாள். பிரிந்த உடன்பிறப்புகளைச் சேர்த்து வைத்தது போல இருந்தது.

"புழு ஒரு தாளைத் துளைச்சா அடுத்ததையும் துளைச்சுட்டுத்தான் போகும். நடுவுல ஒரு தாளை மட்டும் தாண்டிக் குதிக்காது" என்றாள் அத்தை. "அந்தப் பொண்ணு போர்ஜரி பண்ணலை. அவ பார்த்தது நிஜமான மேப். இங்கேர்ந்து திருடினது."

காப்பாளர் அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "கோடை விடுமுறை முடிஞ்சு வந்து தூசி தட்டறப்போதான் பார்த்தேன். என் பொறுப்புல இருக்கிற பொருள். வெளியே சொன்னா முதல்ல என் வேலைதான் போகும். அதான் யாருக்கும் காட்டாம வெச்சுட்டேன். திருட்டு மட்டும் நான் செய்யலைங்க."

"பூனை கண்ணை மூடிக்கிட்ட கதையா ஆயிடுச்சு" என்றேன்.

"வாலு!" என்று அதட்டினாள் அத்தை. எனக்கே சங்கடமாகிவிட்டது.

படியில் இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, கண்ணீரை நம்பிட்டீங்களே. தொகுதி அந்தம்மா கையில. அறை அந்தம்மா கையில. டிபார்ட்மென்ட் ஜோக்கும் தெரிஞ்சிருக்கும். வேற யாரு?"

"திருடினவன் எதுக்குடா அந்த இல்லாத சைட்டை நிஜமாவே உண்டாக்கி, அந்த லிங்க்ல கடை போட்டான்?"

"தெரியலையே."

"திருட்டு மேப்பை வாங்கறவன் எங்கயோ தூரத்துல இருக்கிற பணக்காரன். அவனுக்கு நம்பிக்கை வரணும். யுனிவர்சிட்டி பேராசிரியரோட லிஸ்ட்லயே அந்தச் சேகரிப்பு இருக்கு பாருன்னா உடனே நம்பிடுவான். ஆனா இங்க இருக்கிறவங்க கண்ணுல படக்கூடாது. அதுக்கு என்ன வழி? எல்லாருக்கும் பொய்னு தெரிஞ்ச ஒரு லிங்க். அதை யார் திறப்பா?"

கேட்கக் கேட்க எனக்குத் திருடன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. நட்டநடுச் சந்தையில், மூடிய கடை என்று எல்லோரும் நினைக்கிற கடையில் வியாபாரம்.

"அப்போ ஜோக் தெரிஞ்ச எல்லார் மேலயும் சந்தேகப்படலாமே."

"படலாம். அதான் ஒருத்தரை மட்டும் பிரிச்செடுக்கப் போறேன்."

வளாக வாசலில் இருந்த பிரிண்ட் கடையில் அத்தை அந்த போட்டோவை அச்செடுக்கச் சொன்னாள். எழுத்து இருந்த ஓரத்தையும் ஓட்டைகள் இருந்த மூலையையும் வெட்டிவிடச் சொன்னாள். மிஞ்சியது சதுரமான ஒரு தாளில் வெறும் கடற்கரைக் கோடும் சில புள்ளிகளும்தான்.

"இருக்கிற ஆதாரத்தையும் வெட்டிட்டீங்களே" என்றேன்.

"தூண்டில்ல மீனையா மாட்டுவாங்க?" என்றாள்.

அந்தப் பெண்ணின் கைடான பேராசிரியரின் அறை விசாலமானது. சுவரெல்லாம் அலமாரி, ஓரத்தில் படங்களைத் தட்டையாக வைக்கும் அகல இழுப்பறைகள் கொண்ட இரும்புப் பெட்டி, மேஜையில் கண்ணாடி. வழுவழுவென்று வாரிய நரைத் தலையும் இனிய குரலுமாக எங்களை வரவேற்றார். வரச் சொல்லியிருந்த ஆராய்ச்சிப் பெண் சுவரோரம் நின்றாள். அத்தை சொன்னபடி, காப்பாளர் அம்மா தொகுதியைத் துணியால் மூடித் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலருகே நின்றார்.

"கமிட்டியில சாட்சி சொல்லப் போகணும். சீக்கிரம் சொல்லுங்க" என்றார் பேராசிரியர். "எனக்கும் வருத்தம்தான். புத்திசாலிப் பொண்ணு. ஆனா அவசரப்பட்டுட்டா. எத்தனை வருஷ உழைப்பு அந்த லிஸ்ட்! அதுல நான் வெச்ச பொறியிலயே என் மாணவி விழுவான்னு நினைக்கலை."

குரலில் அவ்வளவு வருத்தம். எனக்கே அந்தப் பெண் மேல் சந்தேகம் திரும்பி வந்தது. இவரைப் போய்ச் சந்தேகப்படுவதா? அந்தக் காப்பாளர் அம்மாவைச் சந்தேகப்படுவதுதான் எவ்வளவு வசதியாக இருந்தது.

"அந்த மேப்பை நீங்க பார்த்ததே இல்ல, இல்லையா சார்?" என்றாள் அத்தை பணிவாக.

"இல்லாததை எப்படிம்மா பார்க்கறது? இவ ஆய்வேட்டுல வரைஞ்சிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான்."

"அவ கமிட்டிகிட்ட காட்டின போட்டோ?"

"அந்தக் கூட்டத்துக்கு நான் போகலை. என் மாணவி விஷயத்துல நானே உட்காரறது முறை இல்லையே."

"அப்போ ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. வரைஞ்ச விதத்துலயே போலின்னு தெரியும்னு ஒருத்தர் சொன்னார்."

அத்தை அந்தச் சதுரத் தாளை, ஆய்வேட்டில் இருந்தது போலவே வடக்கு மேலே இருக்கும்படி, மேஜைக் கண்ணாடியில் அவர் முன் வைத்தாள்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். இரண்டு விரலால் தாளைத் தொட்டார். தன்னையறியாமல், சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்துகிறவர் போல, அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டார். அப்புறம்தான் குனிந்து பார்த்தார்.

"கோடு ரொம்ப நடுங்குது. அந்தக் காலத்து ஆள் கை இப்படி நடுங்காது" என்று ஆரம்பித்தார்.

சுவரோரம் நின்ற பெண் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"ஏன் சார் திருப்பினீங்க?" என்றாள் அத்தை.

"எதை?"

"மேப்பை. அவ ஆய்வேட்டுல இருந்த மாதிரிதானே வெச்சேன்."

அவர் தன் கையைப் பார்த்தார். ஒரு நொடிதான். உடனே சிரித்துவிட்டார். "பழக்கதோஷம்மா. இடைக்கால மேப்னாலே தெற்கு மேலதான் இருக்கும்."

"எங்கப்பன் குதிருக்குள் இல்லைங்கிறார்" என்று முணுமுணுத்தேன்.

வாசலிலிருந்து காப்பாளர் அம்மா முன்னால் வந்தார். துணியை விலக்கித் தொகுதியை விரித்தார். "இந்தத் தொகுதியில மிச்சமிருக்கிற எல்லா மேப்பும் கிழக்கு மேல சார். சூரியன் உதிக்கிற பக்கம். நீங்கதான் எனக்கே சொல்லிக் குடுத்தீங்க. ஒவ்வொரு மேப்காரன் ஒவ்வொரு திசையை மேல வைப்பான், மூலத்தைப் பார்க்காம சொல்லவே கூடாதுன்னு."

"அப்போ... இவ ஆய்வேட்டுல எழுதியிருந்தா. தெற்கு மேலன்னு."

"எழுத மறந்துட்டேன் சார்" என்றாள் அந்தப் பெண். "அடிக்குறிப்பே போடலை."

உலகத்திலேயே ஒரு மறதி ஆளைக் காப்பாற்றி நான் பார்த்தது அன்றுதான். பேராசிரியரின் கண்கள் அறையைச் சுற்றிவிட்டு அந்த இரும்புப் பெட்டியின் அடி இழுப்பறையில் போய் ஒரு கணம் தங்கின. அவர் கண் போன இடத்துக்கு என் கால் போனது. மேலே கருத்தரங்குச் சுவரொட்டிகள். அவற்றை நகர்த்தினால், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே, மூலையில் மூன்று ஓட்டைகளோடு படுத்திருந்தது அது.

காப்பாளர் அம்மா என்னைத் தள்ளிவிட்டார். "கையை எடுங்க. வேர்வை!"

தானே இரண்டு கையாலும் ஏந்தி மேஜைக்குக் கொண்டுவந்தார். அறுத்த ஓரத்தைத் தொகுதியில் மிச்சமிருந்த ஓரத்தோடு வைத்ததும் கச்சிதமாகப் பொருந்தியது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பேராசிரியரின் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை.

"பேரம் இன்னும் படியலை போல" என்றாள் அத்தை. "அதுக்குள்ள பரிசோதகர் மேப்பைக் கேட்டுட்டார். சைட் நின்னுபோச்சுன்னு மட்டும் சொன்னா அவர் தேடிக்கிட்டே இருப்பார். இந்தப் பொண்ணு பொய் சொல்றான்னு சொல்லிட்டா யாரும் தேட மாட்டாங்க. அதுதானே சார் கணக்கு?"

அவர் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார். கோபமாக இல்லை. நிஜமாகவே புரியாதவர் போலக் கேட்டார்.

"எத்தனையோ பேர் அந்த லிஸ்டைக் காப்பி அடிச்சாங்க. பாராட்டினாங்க. ஒருத்தர்கூட அடிவரைக்கும் போய் ஒவ்வொண்ணா திறந்து பார்த்ததில்ல. நீ ஏன் திறந்தே?"

"நீங்க போட்ட லிஸ்ட் சார்" என்றாள் அவள். "அதுல ஒண்ணுகூட வீணா இருக்காதுன்னு நினைச்சேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. திருடியதற்காகக்கூட இல்லை. அந்தப் பதிலை ஒருத்தி சொல்லும்படி வைத்தாரே, அதற்காக.

பியூன் கதவைத் தட்டினார். "கமிட்டி உட்கார்ந்தாச்சு. எல்லாரையும் வரச் சொல்றாங்க."

"நான் முதல்ல போய்ச் சொல்றேன்" என்று அத்தை பேராசிரியருக்கு வழிகாட்டுவது போலக் கையை நீட்டினாள். அவர் எழுந்து முன்னால் நடந்தார். "நீயும் வாம்மா, தலை நிமிர்ந்து வா" என்று அத்தை வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

அவள் வரவில்லை. அதற்குள் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தாள். அவள் ராப்பகலாகத் திரையில் பார்த்த கடற்கரை முதல் தடவையாக அவள் கண்ணெதிரே கிடந்தது.

"இங்க ஒரு ஓடை இருக்கு" என்றாள் மெல்ல. "சின்னத் துறைக்குப் போற ஓடை. ஸ்கிரீன்ல இது தெரியவே இல்லையே..."

கன்னத்தில் ஒரு சொட்டு உருண்டது. காப்பாளர் அம்மா பாய்ந்து மேப்பைச் சட்டென்று அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"தள்ளி உட்கார்ந்து அழும்மா. எவ்வளவு வேணாலும் அழு. தாள் மேல மட்டும் படக்கூடாது."

அவள் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு அழுதாள். பியூன் மறுபடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கமிட்டியைக் காத்திருக்கச் சொல்லப் போனார்.